கிரப்
கிரப் என்பது குனூ திட்டத்தைச் சேர்ந்த கட்டற்ற தொடக்க ஏற்றி மென்பொருள் ஆகும். கணினி தொடங்கும்போது லினக்ஸ் கருவை நினைவகத்தில் ஏற்றுவது இதன் பணியாகும். எரிக் போலின் என்பவர் 1995இல் இதனை உருவாக்கினார்.

பொதுவான சிக்கல்

பயோஸ் முறையில் தொடங்கும் கணினியில், லினக்சு நிறுவிய பின்னர் வேறொரு பிரிவில் விண்டோசை நிறுவினால், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளில் உள்ள கிரப்பின் நிரல் மேலெழுதப்படும். இதனால் லினக்சு தொடங்காது. எனினும் லினக்சுப் பிரிவிலுள்ள கோப்புகள் அழிவதில்லை. அப்பிரிவை பார்மட் செய்யத் தேவையில்லை.

தீர்வு

1. லினக்சு நேரடி இறுவட்டு அல்லது யூஎஸ்பி மூலம் கணினியைத் தொடங்க வேண்டும்.
2. லினக்சு நிறுவப்பட்ட பிரிவை மவுண்ட் செய்ய வேண்டும்.
3. 'கிரப்-இன்ஸ்டால்' கட்டளையில் அப்பிரிவின் பூட் அடைவையும், நிறுவும் இடமாக முழு வன்தட்டின் பெயரையும் குறிப்பிட்டு, ரூட் பயனராக இயக்க வேண்டும்.

யூஇஎஃப்ஐ முறைக் கணினிகளில், தொடக்க வரிசையில் லினக்சை முதலிடத்திற்கு மாற்றுவதே பெரும்பாலும் போதுமானது.