ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலை விபத்துகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் 1990களின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் ஏரிப்பாசன ஊர்களாகவே இருந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் நோக்கியாவும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசானும் வந்தன. இதே காலத்தில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை (முன்பு எண் 4, இப்போது 48) தங்க நாற்கரத் திட்டத்தில் நான்கு வழியாக அகலமானது.

நெடுந்தொலைவு வண்டிகள் விரைந்து கடக்க அமைந்த அதே சாலைதான் ஊர்மக்களுக்குத் தெரு, தொழிலாளருக்கு ஆலைக்குச் செல்லும் வழி. விபத்துகளின் முதன்மைக் காரணம் இதுவே. ஷிப்டு மாறும் வேளையில் கம்பெனிப் பேருந்துகள், வேன்கள், இருசக்கர வாகனங்கள், நடந்து கடப்போர் எல்லாம் ஒரே நேரத்தில் சாலைக்கு வருகின்றனர். இரவில் ஆபத்து வேறு வகையானது. ஆலைக்குள் நுழையவோ துறைமுகம் செல்லவோ காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் விளக்கின்றிச் சாலையோரம் நிற்க, பின்னால் வரும் இருசக்கர வாகனங்கள் அவற்றில் மோதுகின்றன.

எதிர்த்திசையில் ஓட்டுவதும் அடிக்கடி காணப்படும் காரணம். அதை வெறும் ஒழுங்கீனமாகக் கருத முடியாது. திரும்பும் இடம் தொலைவில் இருந்தால் களைத்துத் திரும்புபவர் குறுக்குவழியையே தேடுவார்.

2021 டிசம்பர் 18இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. லாரி நிறுத்துமிடம், நடைமேம்பாலம், சர்வீஸ் சாலை ஆகியவை அதன் வரம்புக்கு வெளியே உள்ளன.