ஆமைக்குக் கட்டளையிடும் குழந்தை: சேமூர் பேப்பர்ட்டும் கல்வியின் அதிகாரமும்

கணிப்பொறியின் வரலாறு பெரும்பாலும் எந்திரங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர் யார், இருவரில் யார் கட்டளையிடுவது, யார் கீழ்ப்படிவது என்ற கேள்வி அங்கே அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை. சேமூர் பேப்பர்ட்டின் ஆய்வு வாழ்க்கையை இந்தக் கேள்வியிலிருந்துதான் நான் வாசிக்க முயல்கிறேன்.

பேப்பர்ட் 1928இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் பிறந்தவர். விட்வாட்டர்ஸ்ரான்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற நாட்களில் நிறவெறி எதிர்ப்பில் தீவிரமாக இயங்கியவர். 1950களில் லண்டனில் 'சோஷலிஸ்ட் ரிவ்யூ' இதழைச் சுற்றியிருந்த இடதுசாரி வட்டத்தில் இருந்தார். 1958 முதல் 1963 வரை ஜெனீவாவில் ழான் பியாஜேயுடன் பணி. குழந்தை ஊற்றியதை வாங்கிக்கொள்ளும் காலிப் பாத்திரம் அல்ல, தன் அறிவைத் தானே கட்டியெழுப்பும் உயிர் என்ற பார்வையோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு வந்தார்.

1967இல் வாலி ஃபோயர்ஸிக், சிந்தியா சாலமன் முதலானோருடன் சேர்ந்து குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார். அன்றைக்குக் கல்வியில் கணிப்பொறி என்றால் என்ன? எந்திரம் கேள்வி கேட்கும், பிள்ளை பதில் சொல்லும், சரியா தப்பா என்று எந்திரம் தீர்ப்பளிக்கும். வாத்தியாரின் பிரம்பு மின்சாரத்தில் ஓடியது, அவ்வளவுதான். பேப்பர்ட் இந்த உறவைத் தலைகீழாக்கினார். இங்கே கட்டளையிடுவது குழந்தை.

கட்டளைக்குக் கீழ்ப்படிய ஒரு ஆமை. முதலில் தரையில் ஊரும் எந்திரம், பிறகு திரையில் ஒரு முக்கோணம். 'ஃபார்வர்ட் 100, ரைட் 90' என்பதை நான்கு முறை சொன்னால் சதுரம். வட்டம் வேண்டுமென்றால்? குழந்தை தானே எழுந்து நடந்து பார்க்கிறது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் திரும்பு, மறுபடி கொஞ்சம் முன்னே. சூத்திரமாக மட்டும் கற்பிக்கப்பட்ட கணிதம் உடலுக்குள் வந்துவிடுகிறது. உடலை வெளியே நிறுத்தித்தான் அறிவு தன் அதிகாரத்தை நிறுவிக்கொள்கிறது என்பதை யோசித்தால், இது சின்ன விஷயமில்லை.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு வழு, வழாநிலை, வழுவமைதி மூன்றும் தெரியும். பள்ளிக்கூடம் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது. லோகோவில் பிழை என்பது குற்றமல்ல. எங்கே, ஏன் என்று காரணம் தேடித் திருத்தவேண்டிய ஒன்று. 1980இல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் சாரம் என்று இதைத்தான் சொல்வேன்.

1984இல் நியூயார்க்கில் ராய் பீ, மிடியன் கர்லாண்ட் இருவரும் ஆய்ந்து, லோகோ கற்ற பிள்ளைகள் திட்டமிடுவதில் மற்றவர்களைவிட மேம்பட்டுவிடவில்லை என்றனர். எந்திரம் என்ன செய்யும் என்று கேட்பதே தவறு, அதைச் சுற்றி எந்தப் பண்பாடு உருவாகிறது என்று கேளுங்கள் என 1987இல் பேப்பர்ட் பதிலளித்தார். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பண்பாட்டை யார் உருவாக்குவது? 1980களின் இறுதியில் பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெயிரேயுடன் நடந்த உரையாடலில் இந்த விரிசல் தெரிகிறது. பள்ளி காலாவதியாகிவிடும் என்றார் பேப்பர்ட். பள்ளி மோசமாக இருப்பது வரலாற்றின் விளைவு, ஆகவே போராடி மாற்றவேண்டியது என்றார் ஃப்ரெயிரே.

வரலாறு ஃப்ரெயிரேயின் பக்கம் சாய்ந்ததாகவே எனக்குப் படுகிறது. 2005இல் நிக்கலஸ் நெக்ரோபான்டி அறிவித்த 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டம் பேப்பர்ட்டின் சிந்தனையை அடித்தளமாகக் கொண்டது. 2006 டிசம்பரில் ஹனோயில் மோட்டார் சைக்கிள் மோதி மூளையில் படுகாயமடைந்த பேப்பர்ட்டின் கையில் அதன் போக்கு இருக்கவில்லை. பெருவில் 319 கிராமப்புறப் பள்ளிகளை ஆய்ந்து 2012இல் வெளியான முடிவு: கணினிகள் பெருகின, கணிதத்திலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை. கொடுத்தா போதும் என்ற மனோபாவம், பேப்பர்ட் கண்டித்த அதே எந்திரமையவாதம். ஆனால் பள்ளியை வெறுத்த வேகத்தில் ஆசிரியரின் இடத்தை அவரே காலியாக விட்டிருந்தார். அந்த இடத்தில்தான் விநியோகம் வந்து உட்கார்ந்தது.

2016இல் பேப்பர்ட் மறைந்தார். இன்று எந்திரமே நிரலையும் எழுதித் தருகிறது. யார் யாருக்குக் கட்டளையிடுவது என்ற அவரது கேள்வியை நாம் விட்டுவிட முடியாது. ஆனால் குழந்தையின் பக்கத்தில் நிற்பவர் யார், எந்த அரசியலோடு நிற்கிறார் என்பதையும் அதோடு சேர்த்தே கேட்கவேண்டும்.