கோயா மலையில் ஒரு காஞ்சி முகம்

ஜப்பான் பயணம் பத்திச் சொல்றேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். சுற்றுலாக் கதை வேண்டாம், ஒரே ஒரு ஓவியத்தைப் பற்றி மட்டும் பேசலாம்.

ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனில் ரயில் ஏறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கேபிள் காரில் மேலே போனால் கோயா மலை. சுமார் 800 மீட்டர் உயரம். கூக்காய் என்ற துறவிக்கு 816-ல் ஜப்பான் பேரரசர் கொடுத்த இடம். இன்றைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள் இருக்கு. அங்குள்ள பெரிய கல்லறைக் காட்டில், நம்ம ஒரகடத்துக்குக் கார் ஆலை கொண்டுவந்த நிசானுக்கும் ஒரு நினைவிடம் உண்டு. அது வேற கதை.

மலை நடுவே கொம்பொன் தைதோ என்ற செந்நிறக் கோபுரம். பலமுறை எரிந்து, 1937-ல் மறுபடி கட்டியது. உள்ளே மூலைச் சுவர்களில் எட்டு குருமார்களின் ஓவியங்கள். படம் எடுக்க விடமாட்டாங்க. அதில் ஒருத்தர் கையில் ஜெபமாலை. பெயர் கொங்கோச்சி, அதாவது வஜ்ரபோதி. பூந்தமல்லியில் பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாமே, அந்தக் காஞ்சியில் வாழ்ந்தவர். அம்பத்தூர்லேருந்து போன எனக்கு அங்கே நின்னு பார்க்க எப்படி இருந்திருக்கும், நீங்களே நினைச்சுப் பாருங்க.

அவர் பிறப்பு பற்றிச் சீன நூல்கள் ரெண்டு விதமா சொல்லுது. தெற்கே மலய நாட்டுப் பிராமணர் என்கிறது ஒன்று, மத்திய இந்திய அரசகுமாரர் என்கிறது இன்னொன்று. நாளந்தாவில் படித்தவர். காஞ்சியில் மழை பொய்த்தபோது, மழைக்கு வேண்டச் சொல்லி மன்னர் இவரைக் கேட்டிருக்கார். மன்னர் யார்? கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன்! அவ்வளவு பெரிய சிவபக்தர் ஒரு பௌத்தத் துறவியை அழைக்கிறார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

பிறகு இலங்கை, சிவனொளிபாத மலை, ஸ்ரீவிஜயம் வழியாகக் கப்பலில் சீனா. 720-ஐ ஒட்டி தாங் தலைநகரை அடைந்து, 741-ல் லுவோயாங்கில் இறந்தார். இவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவர் சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவிடம் 805-ல் வந்து கற்றவர்தான் கூக்காய். ஆக, காஞ்சிக்கும் கோயா மலைக்கும் நடுவில் ரெண்டே பேர். கூக்காய் உண்டாக்கிய மரபின் பெயர் ஷிங்கோன், மந்திரம்னு அர்த்தம். அங்கே தீ வளர்த்துச் செய்யும் சடங்கின் பெயர் 'கோமா'. நம்ம ஹோமம்தான்.

நாம போதிதர்மரைப் பற்றியே பேசறோம், 2011-ல் படமும் எடுத்தாச்சு. ஆனா ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. காஞ்சிதான் ஊர் என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது. வஜ்ரபோதிக்கோ, அவருடைய சீடர் ஒருவரே வரலாறு எழுதி வைத்திருக்கார். சான்று உள்ளவரை விட்டுட்டு, இல்லாதவரைக் கொண்டாடுறோம்.

ஊருக்கு வந்ததும் கைலாசநாதர் கோயிலுக்குப் போனேன். அங்கிருந்த கைடு ஒருத்தர் போதிதர்மரைப் பற்றிப் பத்து நிமிஷம் சொன்னார். வஜ்ரபோதின்னு கேட்டேன். "அது யாரு சார்?"