கசியிழையமும் உரிமைகோரப்படாத உடல்களும்

மூட்டிலே எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பாகிய கசியிழையம் பற்றி வில்லியம் ஹன்ரர் 1743 இல் இலண்டன் றோயல் சங்கத்துக்குக் கட்டுரை அளித்தபோது அவருக்கு வயது 25. அதன் நார்கள் வெல்வெற்றுத் துணியின் மயிர்போல எலும்பின்மீது செங்குத்தாக நிற்பதை அவர் விளக்கினார். அழிந்த கசியிழையம் மீள்வதில்லை என்பதையும் குறித்தார். அதனுள் குருதிக்கலன்கள் இல்லாமையே இதற்கு முக்கிய காரணமென இன்று அறிவோம். எலும்பை அடுத்த அதன் அடிப்படை சுண்ணமேறி இறுகியிருப்பதனாலேயே, மென்மையானது வன்மையானதிலிருந்து பிரிந்துவிடாது பாரத்தைக் கையளிக்கின்றது.

மருத்துவ வரலாற்றாசிரியர் பலர் இவ்வளவில் அமைவர். அம்மூட்டுகள் எவருடையவை என நாம் வினவவேண்டியுள்ளது. 1746 இல் ஹன்ரர் தொடங்கிய வகுப்புகளில் மாணவர் தம் கையாலேயே உடலை அறுத்துக் கற்றனர். கல்வி பெருகப் பெருகப் பிணமும் விலைப்பண்டமாயிற்று, புதைகுழிகள் களவாடப்பட்டன. கொலைக் குற்றவாளிகளின் உடல்களை அறுப்புக்குக் கையளிக்க 1752 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1832 ஆம் ஆண்டுச் சட்டமோ வறியோர் விடுதிகளில் இறந்து, எவராலும் உரிமைகோரப்படாத உடல்களை அதற்கு ஒப்புவித்தது. கொலைக்கு விதித்த தண்டனை வறுமைக்கு உரியதாயிற்று. அவ்விடுதிகளில் அவர்கள் கல்லுடைத்தவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. மூட்டுத் தேய்வை அறியத் தக்க உடல்களை உழைப்பே ஆக்கிக் கொடுத்தது எனலாம். அச்சட்டத்தை நீக்கிய புதிய சட்டம் 1984 இலேயே இயற்றப்பட்டது.