ஆறில்லாத நாட்டில் ஓர் ஆறு: தொண்டைமானாற்றின் அதிகம் அறியப்படாத கதைகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறும். மிச்சம் வெள்ளவாய்க்கால்களில் ஓடிக் கடலில் சேரும். அப்படியிருந்தும் வடமராட்சியின் வடமேற்குக் கரையில், வல்வெட்டித்துறைக்கு மேற்கே, ஆறு என்று பெயர் கொண்ட ஊர் ஒன்று இருக்கிறது. அது தொண்டைமானாறு.

கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தப் பெயரைப் பலர் செய்திகளில்தான் கேட்டார்கள். இராணுவ முகாம், உயர் பாதுகாப்பு வலயம், மூடிய வீதி, இடம்பெயர்வு என்றே அந்தச் செய்திகள் இருந்தன. வலிகாமத்தையும் வடமராட்சியையும் இணைக்கும் பாலம் இங்கே இருப்பதால், இந்த ஊர் எப்போதும் இரு பக்கத்துக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. புலம்பெயர் நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் போரோடு மட்டுமே வந்து சேர்ந்திருக்கக்கூடும். ஆனால் போருக்கு முன்னர் இந்தச் சிறிய கடல்வாய்க்கு வேறு கதைகள் இருந்தன. அவற்றில் ஐந்தை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. உப்புக்காக ஆழமாக்கிய வாய்க்கால்

தொண்டைமானாறு என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நீரேரியின் வாய். வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் நடுவே தென்கிழக்காக நீண்டு கிடக்கும் கடனீரேரி, இந்த இடத்தில்தான் வடக்குக் கடலைச் சந்திக்கிறது. ஊர்மரபில் இதற்கு வல்லிநதி என்ற பழைய பெயரும் உண்டு.

இப்போதைய பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுபவர் கருணாகரத் தொண்டைமான். முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவர் இவர். செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் கலிங்கப் போரை வென்றவராக வருபவரும் இவரே. கரணவாய், வெள்ளப்பரவை ஆகிய இடங்களில் இயற்கையாக விளைந்த உப்பைச் சோழநாட்டுக்கு ஏற்ற வந்தவர், மரக்கலங்கள் உள்ளே வந்துபோக வசதியாக இந்த ஒடுங்கிய நீர்வழியை வெட்டி ஆழமாக்கினார் என்பது மரபு. இணுவிலில் உள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் மரபு இவரோடுதான் சேர்த்துச் சொல்கிறது.

இது கல்வெட்டில் உள்ள செய்தியன்று. வழிவழியாக வந்த கதை. ஆனாலும் கதைக்குள் இருக்கும் தொழில் மெய்யானது. கோடை வெயிலில் நீரேரியின் ஓரங்கள் வற்றும்போது உப்புப் படிவதும், அதை மக்கள் அள்ளுவதும் இந்தப் பகுதிக்குப் பழக்கமானவை. பேரரசுகளின் வரலாற்றில் போர்க்களத்துக்காகப் பேசப்படும் ஒருவரை, இந்த ஊர் வாய்க்கால் வெட்டியவராக நினைவில் வைத்திருக்கிறது.

2. மந்திரம் ஒலிக்காத கோயில்

இந்த நீர்வழியின் கரையில் இருப்பது செல்வச்சந்நிதி முருகன் கோயில். ஆற்றங்கரையான், அன்னதானக் கந்தன் என்றெல்லாம் அடியார்கள் அழைப்பார்கள். சின்னக் கதிர்காமம் என்றும் சொல்வதுண்டு.

முதன்முறை போகிறவர்களுக்கு அங்கு வியப்பாகத் தெரிவது பூசை முறைதான். பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார். வேதமந்திர உச்சாடனம் இல்லை. மூலத்தானத்தில் வேலே வழிபடு பொருள். அமுது படைப்பது ஆலமிலைகளில். பூசை உரிமை பிராமணக் குருமாரிடம் இல்லை. மருதர் கதிர்காமர் என்பவரின் வழித்தோன்றல்களிடம் இருக்கிறது.

மருதர் கதிர்காமர் கடற்றொழில் செய்தவர். ஆற்றில் மீன்பிடித்துக்கொண்டிருந்த அவரை முருகன் அழைத்து, கதிர்காமத்துக்குப் போய் அங்குள்ள பூசை முறையைக் கற்றுவருமாறு பணித்தான் என்பது கோயிலின் தலவரலாறு. வாய்கட்டிப் பூசை செய்யும் வழக்கம் கதிர்காமத்திலும் இருப்பது கவனிக்கத்தக்கது. சாதி அடுக்கு இறுகிக் கிடந்த யாழ்ப்பாணத்தில், ஒரு மீனவரின் கையில் தொடங்கி இன்றுவரை அந்தக் குடும்பத்திடமே பூசை நிலைத்திருக்கும் பெருங்கோயில் இது. ஆலய நுழைவுக்காகக் குடாநாட்டில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் போராட வேண்டியிருந்ததை நினைத்தால், இதன் கனம் விளங்கும்.

கதிர்காமத்துக்கான பாதயாத்திரை தொடங்கும் இடமாகவும் சந்நிதி இருக்கிறது. வடக்கிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை வழியாகக் கிழக்குக் கரையோரமாகவே நடந்து, யால காட்டைக் கடந்து கதிர்காமம் சேரும் பயணம் அது. நடந்து முடிக்க ஏறத்தாழ இரண்டு மாதமாகும். போர்க்காலத்தில் இந்த நடை தடைப்பட்டிருந்தது. போர் முடிந்தபின் மறுபடியும் அடியார்கள் இங்கிருந்து புறப்படுகிறார்கள்.

3. பாக்கு நீரிணையை முதலில் நீந்தியவர்

வடமராட்சிக் கரையோர மக்களுக்குக் கோடியக்கரையும் வேதாரணியமும் நாகபட்டினமும் அயலூர்கள் போல. பாய்க்கப்பல்களில் போய் வியாபாரம் செய்து வந்தவர்கள் அவர்கள். தொண்டைமானாற்றுக்கு அடுத்த ஊரான வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டிய அன்னபூரணி என்ற கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று பெயர் மாற்றப்பட்ட அந்தக் கப்பலை, வல்வெட்டித்துறை மாலுமிகளே சூயஸ் கால்வாய் வழியாக அத்திலாந்திக்கைத் தாண்டி ஓட்டிச்சென்றார்கள். 1938 ஓகஸ்டில் அது அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது.

கப்பலில் கடந்த கடலை உடம்பாலேயே கடந்தவர் தொண்டைமானாற்றின் முருகுப்பிள்ளை நவரத்தினசாமி. 1954 மார்ச் மாதம் வல்வெட்டித்துறைக் கரையில் இறங்கிய அவர், 27 மணித்தியாலம் நீந்திக் கோடியக்கரையில் ஏறினார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதலாவது மனிதர் என்று அறியப்படுபவர் அவர்தான்.

இந்தத் தூரத்தைப் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு உதவும். உலகம் முழுவதும் நீச்சல் வீரர்களின் பெருஞ்சோதனையாகக் கருதப்படும் ஆங்கிலக் கால்வாயின் மிக ஒடுங்கிய இடம் ஏறத்தாழ 33 கிலோமீற்றர். வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நேர்கோடு போட்டாலும் 50 கிலோமீற்றருக்கு மேல் வரும். கடலில் யாரும் நேர்கோட்டில் நீந்த முடியாது. நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். மார்ச் மாதம் தெரிவானதிலும் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழும்புவதற்கு முந்திய இடைவெளியில்தான் இந்தக் கடல் அமைதியாக இருக்கும். இது எந்த மீனவரும் அறிந்த கணக்கு.

1963இல் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த குமார் ஆனந்தனும் இதே பாதையில் நீந்தினார். 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், அங்கிருந்து திரும்பியும் நீந்தி 51 மணித்தியாலத்தில் முடித்தார். பிறகு 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது உயிரிழந்தார். இடையில், 1966 ஏப்பிரலில், கல்கத்தாவைச் சேர்ந்த மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். இந்தியாவில் பாக்கு நீரிணை நீச்சல் என்றதும் முதலில் சொல்லப்படுவது அவர் பெயர்தான். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், இன்னும் நீண்ட பாதையில் நீந்தியவரின் பெயர் வடமராட்சிக்கு வெளியே அதிகம் தெரியாமல் போய்விட்டது. நூலகங்கள் எரிந்தும் வீடுகளோடு பத்திரிகை நறுக்குகளும் ஒளிப்படங்களும் அழிந்தும் போன ஒரு சமூகத்தில், முதலாவதாக ஒன்றைச் செய்தவருக்கும் சாட்சி தேட வேண்டியிருக்கிறது.

4. கடலைத் தடுக்கும் கதவுகள்

தொண்டைமான் கடலை உள்ளே விட வழி வெட்டினார் என்றால், 20ஆம் நூற்றாண்டின் பொறியியலாளர்கள் அதே வழியை மூடக் கதவு போட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் நீரேரியின் வாயில் தடுப்பணை அமைக்கப்பட்டது. இதன் காரணம் குடாநாட்டின் ஒவ்வொரு கிணற்றோடும் தொடர்புடையது.

யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நன்னீர், கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை போன்றது. நன்னீர் உவர்நீரைவிடச் சற்றே அடர்த்தி குறைந்தது. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலில் பழைய கணக்கு. கணக்கை மறுபக்கமாகவும் பார்க்க வேண்டும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் வெகுவாக மேலெழும். மழை ஐப்பசி முதல் மார்கழி வரையான சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். தோட்டங்களுக்கு இறைப்பு ஆண்டு முழுவதும் நடக்கும். கடலுக்கு ஓடிப்போகும் மாரி வெள்ளத்தை நீரேரியில் மறித்து வைத்தால், நீரேரியின் உவர் மெல்லக் குறையும், அயல் கிணறுகள் நன்னீராகும், கரையோர உவர் நிலத்திலும் நெல் விளையும் என்பதே எண்ணம்.

பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் இதை ஒரு பெரிய திட்டமாக விரித்தார். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று அது அறியப்படுகிறது. வன்னியிலிருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் நீரை ஆனையிறவு நீரேரியில் மறிப்பது. அங்கிருந்து முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குள் விடுவது. கடலுக்குத் தப்பாமல் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகளால் காப்பது. இதுதான் அதன் சுருக்கம். வேலைகள் சில நடந்தன; வாய்க்கால் முழுமையடையவில்லை. பிறகு ஆனையிறவு போர்க்களமானது. பராமரிப்பு இல்லாமல் தடுப்பணைகளும் பழுதடைந்தன; உவர்நீர் மறுபடி உள்ளே வந்தது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில்தான் திருத்த வேலைகள் நடந்தன.

தடுப்பணையின் கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதிலும் இரு பக்க நியாயம் உண்டு. தோட்டக்காரருக்கு அது மூடியிருக்க வேண்டும். நீரேரியில் இறால் பிடிப்பவருக்குக் கடல்நீரும் குஞ்சுகளும் உள்ளே வர வேண்டும். பெருமழையில் திறக்கப் பிந்தினால் தாழ்ந்த வயல்கள் மூழ்கும். ஒரு கதவைச் சுற்றி ஒரு பிரதேசத்தின் வாழ்வாதாரம் முழுவதும் நிற்கிறது.

5. வினாத்தாளில் இருந்த ஊர்

வடக்கில் க.பொ.த. உயர்தரம் படித்தவர்களிடம் தொண்டைமானாறு என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு நினைவு வருவது கோயிலும் கடலும் அல்ல, வினாத்தாள். 'தொண்டைமானாறு வெளிக்கள நிலையம்' என்று தலைப்பில் அச்சிட்ட தவணைப் பரீட்சைத் தாள்களை எழுதித்தான் பல தலைமுறை மாணவர்கள் பல்கலைக்கழக அனுமதிக்குத் தயாரானார்கள். அந்த ஊரை ஒருநாளும் பார்க்காதவர்களும் அதன் பெயரை இப்படி அறிந்திருந்தார்கள்.

வெளிக்கள நிலையம் என்ற பெயருக்கு நேர்ப்பொருள் உண்டு. தாவரவியல், விலங்கியல் மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே வந்து நேரில் பார்த்துப் படிப்பதற்காக அமைந்த இடம் அது. கடற்கரை, மணற்திட்டி, நீரேரி, கண்டல் தாவரங்கள், உவர்த் தரவை எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இடம் குடாநாட்டில் இதைப்போல் அதிகமில்லை. ஆசிரியர்கள் கூடிச் செய்த அந்த முயற்சியே பின்னர் பொதுவான வினாத்தாள் தயாரிக்கும் பணியாக விரிந்தது. போர் நிலையத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தது. ஆனால் பரீட்சைகள் நிற்கவில்லை. மின்சாரமும் தாளும் தட்டுப்பாடாயிருந்த காலத்திலும் மாணவர் கையில் வினாத்தாள் போய்ச் சேர்ந்தது. ஊருக்குள் மக்கள் போக முடியாதிருந்த ஆண்டுகளில், ஊரின் பெயர் மாணவர்களின் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது.

எஞ்சியிருப்பவை

பாலம், தடுப்பணை, சந்நிதி, கடற்கரை ஆகிய எல்லாவற்றையும் ஒரு காலைப் பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம். ஆனால் இந்தக் கதைகளின் சான்றுகள் அப்படி ஓரிடத்தில் இல்லை. கோயில் மலர்கள், பாடசாலை ஆண்டு மலர்கள், பழைய பத்திரிகைகள், இடப்பெயர்விலும் தவறாமல் யாரோ காவித் திரிந்த ஒளிப்படங்கள் என்று அவை சிதறிக் கிடக்கின்றன. பல இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு அலுமாரிகளில் இருக்கக்கூடும். 1954இல் வல்வெட்டித்துறைக் கரையில் நின்று நவரத்தினசாமியை வழியனுப்பிய ஒரு சிறுவனுக்கு இன்று எண்பது வயதைத் தாண்டியிருக்கும். தடுப்பணைக் கதவின் பழைய ஒழுங்குகளை அறிந்த கமக்காரரும் தொழிலாளரும் அதே வயதினரே.

வீட்டிலே அப்படி ஒருவர் இருந்தால், கைத்தொலைபேசியில் அவர் சொல்வதைப் பதிவு செய்து வையுங்கள். படம் இருந்தால் பின்பக்கத்தில் ஆண்டையும் ஆட்களின் பெயர்களையும் கேட்டு எழுதுங்கள். பிரதி எடுத்து ஊர்ப் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ ஒன்று கொடுங்கள். கேட்டுப் பதிவதற்கான காலம் குறுகிக்கொண்டிருக்கிறது.