வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியர் பணி: ஏஜெண்டிடம் போகும் முன்

பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்த பிள்ளைகள் இன்று நம் மஹல்லாக்களில் நிறையவே இருக்கிறார்கள். உள்ளூர்ப் பள்ளிகள் தரும் சம்பளம் போதாமல், வளைகுடாவுக்கோ மாலத்தீவுக்கோ ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா என்று பெற்றோர்கள் விசாரிக்கிறார்கள். கற்பித்துக் கூலி வாங்குவது கூடுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. குர்ஆன் ஓதிக்கொடுப்பதற்குக் கூலி பெறுவதில்தான் முற்கால ஹனஃபி அறிஞர்கள் தயங்கினார்கள். மொழி கற்பிப்பதற்குக் கூலி பெறுவதில் கருத்து வேறுபாடே இல்லை.

வேலை எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் வளைகுடாவில் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளிகளில். அங்கு பட்டத்துடன் பி.எட். கேட்பார்கள். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளும் மொழி மையங்களும் சம்பளம் அதிகம் தருகின்றன. ஆனால் நம் ஆங்கிலத்தைவிட நம் பாஸ்போர்ட்டின் நிறத்தைத்தான் முதலில் பார்க்கின்றன. தென்கொரியாவின் தனியார் ஆங்கிலப் பயிற்சி மையங்களுக்கான விசாவோ அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட 7 நாட்டவருக்கு மட்டுமே. மொழி மையங்களுக்கு முயல்வோர் கேம்பிரிட்ஜின் 'செல்டா' படிக்கலாம். 120 மணி நேரப் பயிற்சியில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 'டெஃபல்' சான்றிதழ்கள் பலவற்றில் இந்த வகுப்பறைப் பயிற்சி இருக்காது.

மதரஸாவில் ஓதிக்கொண்டே அஞ்சல்வழியில் பி.ஏ. முடித்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகள் பலவற்றில் பட்டத்தைச் சரிபார்க்கும்போது, கல்லூரிக்கு நேரில் சென்று படித்தீர்களா என்று கேட்கிறார்கள். தொலைநிலைப் பட்டம் ஆசிரியர் பணிக்கு நிராகரிக்கப்படலாம். பணம் கட்டும் முன் பள்ளியிடமே எழுத்தில் கேட்டுவிடுங்கள். சான்றிதழ் அட்டஸ்டேஷனும் நாட்டுக்கு நாடு மாறும். சவூதி 2022 டிசம்பரில் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்துவிட்டது. ஓமனும் பஹ்ரைனும் அதற்கு முன்பே வந்தவை. அமீரகம், குவைத், கத்தர் செல்வோர் தூதரக முத்திரை வரை போக வேண்டும்.

அடுத்தது பணம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி.; அவ்வளவுதான். லட்சக்கணக்கில் கேட்டால் அது கட்டணம் அல்ல, கொள்ளை. வட்டிக்கு வாங்கி அதைக் கட்டுவது இன்னும் பெரிய முஸீபத். ஏஜெண்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசுக்கும் சொந்தமாக அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் உண்டு. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி, ஆள்சேர்ப்புச் செலவை முதலாளி ஊழியர் தலையில் கட்டக் கூடாது. 'விசிட்டில் போய்ச் சேருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்பவரை நம்பி விமானம் ஏறாதீர்கள். வேலை விசா இல்லாமல் வகுப்பில் நிற்பது சட்டவிரோதம். பிடிபட்டால் ஏஜெண்ட் வரமாட்டார்.

இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள் என்பதற்காக, தெரிந்த பள்ளியில் பொய் அனுபவச் சான்றிதழ் வாங்குவது நம்மவர்களிடம் சகஜமாகிவிட்டது. கேட்டால் 'எல்லோரும் செய்வதுதானே ஹஜ்ரத்' என்கிறார்கள். அது மோசடி, ஹராம். எழுதிக்கொடுக்கும் தாளாளருக்கும் அதில் பங்கு உண்டு. போலி ஆவணத்துக்கு வளைகுடாவில் சிறைத்தண்டனையும் நாடுகடத்தலும் உண்டு. அந்த இரண்டு வருடத்தை ஊரிலேயே நேர்மையாக வேலை பார்த்துக் கழிக்கலாம்.

மாலத்தீவு தனிக் கதை. பள்ளிகளில் பயிற்று மொழி ஆங்கிலம், முஸ்லிம் நாடு, விமானத்தில் கொஞ்ச நேரம்தான். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் போகிறார்கள். ஆனால் மாலே நகரம்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். படகில் பல மணி நேரம் போகும் சிறு தீவாக இருக்கலாம். பெண்ணைத் தனியே அனுப்பத் தயங்கும் குடும்பங்களின் தயக்கம் நியாயமானது, மார்க்கமும் அதைத்தான் சொல்கிறது. கணவன் மனைவி இருவருமே ஆசிரியர்கள் என்றால், ஒரே தீவில் பணியிடம் கிடைக்குமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். தீவின் பெயர், தங்குமிடம், விடுமுறைக்கு டிக்கெட் யார் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் ருஃபியாவில் வரும். அங்கு டாலர் தட்டுப்பாடு இருப்பதால், மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்பலாம் என்று வங்கி வரம்பு வைக்கிறது. அந்த வரம்பு இப்போது எவ்வளவு என்று, அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.