மேடைகள் இடிந்தபின்: யோசியாவின் சீர்திருத்தத்தில் உடன்படிக்கையும் பலியும்

உடன்படிக்கை, நியாயப்பிரமாணம், பலி ஆகிய மூன்றும் பண்டைய இஸ்ரவேலின் சமயத்தைத் தாங்கிய தூண்கள் என்று கூறுவது வழக்கம். அவை எக்காலத்தும் ஒன்றுக்கொன்று துணையாகவே நின்றன என்ற எண்ணம் இக்கூற்றினுள் மறைந்திருக்கிறது. வரலாற்றை உற்று நோக்கும்போது, இவை ஒன்றோடொன்று மோதிய வேளைகளும் உண்டு என்பதைக் காண்கிறோம். யோசியா அரசனுடைய ஆட்சியின் பதினெட்டாம் ஆண்டாகிய கி.மு. 622 அவ்வேளைகளுள் தலையாயது. அவ்வாண்டில் உடன்படிக்கையின் பெயரால், ஒரு நியாயப்பிரமாணப் புத்தகத்தின் ஆணைப்படி, யூதா நாடெங்கும் பலிபீடங்கள் தகர்க்கப்பட்டன. பாகாலுக்கும் வானசேனைகளுக்கும் உரிய பீடங்கள் தகர்க்கப்பட்டதில் வியப்பில்லை. அவற்றோடு கர்த்தருக்கே பலியிடப்பட்ட மேடைகளும் தீட்டாக்கப்பட்டன என்பதே நாம் ஆராய வேண்டிய செய்தி.

அம்மேடைகள் மக்களின் வாழ்வில் பெற்றிருந்த இடம் எத்தகையது? 'மேடை' என்ற சொல்லைத் திருமறையில் வாசிக்கும் நாம் அதை உடனே விக்கிரக ஆராதனையோடு இணைத்து விடுகிறோம். ஆனால் சாமுவேல் தீர்க்கதரிசி மேடையின்மேல் பலியை ஆசீர்வதித்து, அழைக்கப்பட்ட முப்பதுபேரோடு பந்தியிருந்தபோதுதான் சவுலுக்குத் தொடைக்கறி பரிமாறப்பட்டது (1 சாமு. 9). தாவீதின் குடும்பத்தார் பெத்லகேமிலேயே ஆண்டுதோறும் பலியிட்டனர். சாலொமோன் ஞானத்தை வேண்டிய கனவு கிபியோன் மேடையில் உண்டானது. எலியா கர்மேலில் புதிய பீடம் எதையும் எழுப்பவில்லை. இடிந்து கிடந்த கர்த்தருடைய பீடத்தைச் செப்பனிட்டார். பிற்பாடு ஓரேபிலே அவர் முறையிட்ட குற்றங்களுள் ஒன்று, இஸ்ரவேலர் கர்த்தருடைய பீடங்களை இடித்துப் போட்டார்கள் என்பது. எலியா அழுது முறையிட்ட செயலையே இருநூறு ஆண்டுகளுக்குப்பின் யோசியா தேவபக்தியின் செயலாகச் செய்தான்! இதனைச் சிறிய மாற்றம் என எவ்வாறு கூறுவது? யாத்திராகமம் 20:24-ம் மண்ணினாலான எளிய பீடத்தைக் குறித்துப் பேசி, தேவன் தமது நாமத்தை நினைவுகூரச் செய்யும் ஒவ்வோரிடத்திலும் வந்து ஆசீர்வதிப்பார் என வாக்களிக்கிறது. பல பீடங்கள் இருக்கும் என்பதை அச்சட்டம் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது.

இறைச்சி உண்பதும் பலிபீடத்தோடு பிணைந்திருந்தது. எபிரெயத்தில் 'ஸாபக்' என்ற வினைச்சொல் பலியிடுதலையும் விலங்கை அறுத்தலையும் ஒருங்கே குறிக்கும்; பலிபீடத்திற்குரிய 'மிஸ்பேயாக்' என்னும் சொல்லும் அவ்வேரினின்று பிறந்ததே. ஆட்டையோ மாட்டையோ அறுக்கும்போது அதன் இரத்தம் தேவனுக்கு உரியது. மிக்மாஸ் போரில் பசியால் வாடிய சவுலின் சேவகர் கொள்ளையில் பிடித்த ஆடுமாடுகளைத் தரையிலே அடித்து இரத்தத்தோடு உண்டபோது, அரசன் பதறி, ஒரு பெரிய கல்லை உருட்டிவரச் செய்து அதன்மேல் அறுக்கக் கட்டளையிட்டான் (1 சாமு. 14). போர்க்களத்திலும் ஒரு பீடம் தேவைப்பட்டது. எளிய குடியானவன் இறைச்சி உண்ட நாட்கள் ஆண்டில் மிகச் சிலவே. அந்நாட்கள் அனைத்தும் அவனுக்குத் திருநாட்களாயிருந்தன.

உடன்படிக்கையும் இரத்தத்தோடு தொடர்புடையதே. எபிரெயர் உடன்படிக்கையை 'வெட்டினார்கள்' என்பது அவர்களுடைய மொழி மரபு. கன்றுக்குட்டியை இரண்டாகப் பிளந்து அதன் துண்டுகளின் நடுவே கடந்துபோகும் சடங்கினை எரேமியா 34-ஆம் அதிகாரம் நமக்குக் காட்டுகிறது. வாக்கை மீறுகிறவனுக்கு அக்கன்றின் கதி நேரும் என்பது அதன் பொருள். சீனாயில் நடந்ததோ இதனின் வேறானது. மோசே இரத்தத்தில் பாதியைப் பீடத்தின்மேல் தெளித்து, உடன்படிக்கையின் புத்தகத்தை வாசித்து, மக்கள் கீழ்ப்படிவதாக உரைத்தபின் மறுபாதியை அவர்கள்மேல் தெளித்தார் (யாத். 24). இரத்தம் அங்கே இரு சாராரையும் ஒன்றாக்கும் உறவின் அடையாளம். அப்பலிகளைச் செலுத்தியவர்கள் இஸ்ரவேலின் வாலிபர்கள் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசாரிய வகுப்பின் தனியுரிமை என்ற எண்ணம் இன்னும் அவ்விவரத்தில் நுழையவில்லை.

அரசியல் உலகிலும் உடன்படிக்கை உண்டு என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஆராய்ச்சி நமக்கு நன்கு உணர்த்தியது. கி.மு. 14, 13-ஆம் நூற்றாண்டுகளின் ஏத்தியப் பேரரசர்கள் தங்களுக்குக் கீழ்ப்பட்ட மன்னர்களோடு செய்த ஒப்பந்தங்களுக்கும் சீனாய் உடன்படிக்கைக்கும் உள்ள அமைப்பொற்றுமையை ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954-இல் எடுத்துரைத்தார். மறு ஆண்டிலேயே நிம்ரூத் என வழங்கும் பண்டைய காலாகில், அசீரிய அரசன் எசரத்தோன் கி.மு. 672-இல் தன் மகன் அசுர்பானிபாலுக்காகப் பெற்ற விசுவாச உறுதிமொழிப் பலகைகள் கிடைத்தன. உபாகமம் 28-இன் சாபங்கள் சில, அப்பலகைகளில் உள்ள சாபங்களோடு வரிசையிலும் பொருளிலும் ஒத்திருக்கின்றன. இந்த ஒப்பந்தத்தின் மற்றொரு படி, துருக்கியின் தென்பகுதியிலுள்ள தெல் தாயினாத்தில் ஒரு கோயிலினுள் 2009-இல் கண்டெடுக்கப்பட்டது. நினிவேயில் அரண்மனை கட்டப் பொருள் அனுப்பிய மேற்றிசை மன்னர்களுள் யூதாவின் மனாசேயையும் எசரத்தோன் குறிப்பிடுவதால், எருசலேமின் எழுத்தர்கள் இத்தகைய ஆவணங்களை அறிந்திருந்தனர் என்று கொள்வது பொருத்தமே. பேரரசன் தனக்கென்று கோரிய முழு விசுவாசத்தை அவர்கள் கர்த்தருக்கு உரியதாக்கினர். அவருக்கு இணையான வேறு ஆண்டவர் இருத்தலாகாது. ஆகவே வழிபாடும் ஒன்றாயிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் இல்க்கியா கண்டெடுத்த புத்தகம் உபாகமத்தோடு தொடர்புடையது என்பது ஜெரோம் முதலிய பண்டைய பிதாக்களும் அறிந்த கருத்து. 1805-இல் டி வெட்டே அதனை வரலாற்றாய்வின் அடிப்படையாக்கினார். அப்புத்தகத்தின் சொற்களைக் கேட்ட அரசன் தன் ஆடையைக் கிழித்தான், உல்தாள் என்னும் தீர்க்கதரிசினியிடம் ஆளனுப்பினான், பின்பு சகல மக்களையும் ஆலயத்தில் கூட்டி, தூணருகே நின்று, புத்தகத்தை வாசித்து உடன்படிக்கை செய்தான் (2 இரா. 23:1-3). இந்நிகழ்ச்சியைச் சீனாயோடு ஒப்பிடுக. இங்கே பீடம் பேசப்படவில்லை, இரத்தம் தெளிக்கப்படவில்லை, வாலிபர்கள் பலியிடவில்லை. வாசிப்பும் மக்களின் சம்மதமும் மட்டுமே சொல்லப்படுகின்றன. பஸ்கா பின்னர் வருகிறது, அதுவும் புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே. இரத்தத்தினால் உறுதியாக்கப்பட்ட உறவு இப்போது எழுத்தினால் உறுதியாக்கப்படுகிறது. இது இஸ்ரவேலின் சமய வரலாற்றில் ஒரு திருப்பம் என நாம் கருதுகிறோம்.

ஒரே பீடம் என்ற சட்டம் ஒரு நடைமுறைச் சிக்கலை எழுப்பிற்று. பெயெர்செபாவினின்று எருசலேமுக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அங்குள்ள ஒருவன் விருந்தினருக்கு ஓர் ஆட்டை அறுக்க விரும்பினால் என்ன செய்வான்? உபாகமம் 12 துணிவான விடையைத் தருகிறது. வெளிமானையும் கலைமானையும் உண்பதுபோல, தீட்டுள்ளவனும் தீட்டில்லாதவனும் தத்தம் ஊரிலேயே அறுத்து உண்ணலாம். இரத்தத்தை மட்டும் தண்ணீரைப்போலத் தரையில் ஊற்றிவிட வேண்டும். வேட்டைவிலங்கு எக்காலத்தும் பீடத்திற்குரியதன்று என்பதால், வீட்டு ஆடும் இனி அதற்குச் சமம் ஆயிற்று. 'ஸாபக்' என்ற பழைய பலிச்சொல்லையே இச்சட்டம் சாதாரண அறுப்புக்கும் கையாளுகிறது. லேவியராகமம் 17 இதற்கு நேர்மாறாக, எங்கே அறுத்தாலும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலுக்குக் கொண்டுவராதவன்மேல் இரத்தப்பழி சுமரும் என எச்சரிக்கிறது. இவ்விரு சட்டங்களையும் ஒத்திசைக்க முயன்றோர் பலர். இரண்டும் இரு வேறு உள்ளங்களின் குரல்கள் என ஏற்பதே நேர்மையானது என்பது எம் கருத்து. ஒன்றுக்கு இரத்தம் பீடத்தின் உயிர். மற்றொன்றுக்கு அது உண்ணப்படாமல் மண்ணில் ஊற்றப்பட்டால் போதும்.

வெல்ஹவுசன் 1878-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில், இம்மாற்றத்தால் வழிபாடு வயலினின்றும் களத்தினின்றும் பிரிக்கப்பட்டு இயல்பான மகிழ்ச்சியை இழந்தது என வாதித்தார். அதில் உண்மை உண்டு. ஆயினும் உபாகமத்தைப்போல 'மகிழ்ச்சியாயிரு' என்று திரும்பத் திரும்பக் கட்டளையிடும் சட்டநூல் பிறிதொன்றில்லை. வழி தூரமானால் தசமபாகத்தை வெள்ளியாக மாற்றி எடுத்துச் சென்று, அங்கே மாடோ ஆடோ திராட்சரசமோ விருப்பம்போல வாங்கிக் குடும்பத்தோடு உண்ணலாம் என்கிறது அது (14:24-26). சட்டம் இயற்றியவர்கள் பயணத்தின் சுமையை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் மேடைகளில் ஊழியம் செய்தவர்களின் நிலை யாது? இவ்விடத்தில் நாம் சற்றுத் தாமதிக்க வேண்டும். நாட்டுப்புற லேவியனுக்கு நிலமில்லை. பீடத்தில் வந்த பங்கே அவன் உணவு. பீடம் இடிந்த அன்றே அவன் அடுப்பும் அணைந்தது. உபாகமத்தின் ஆசிரியர்கள் இதை நன்கு அறிந்திருந்தனர். உன் வாசல்களில் இருக்கிற லேவியனைக் கைவிடாதே என்று அவர்கள் ஓயாமல் வற்புறுத்துவதும், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோரோடு அவனையும் சேர்த்து எண்ணுவதும், மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தை ஊரிலேயே வைக்கச் சொல்வதும் அதனாலேயே. நேற்றுவரை ஊரின் ஆசாரியனாயிருந்தவன் இன்று ஏழைகளின் பட்டியலில் இடம்பெறுகிறான். அவன் விரும்பினால் எருசலேமுக்கு வந்து, அங்குள்ள தன் சகோதரரைப்போலவே ஊழியம் செய்து சமபங்கு பெறலாம் என்றும் சட்டம் உறுதியளித்தது (18:6-8).

அவ்வுறுதி நிறைவேறிற்றா? 2 இராஜாக்கள் 23:9 ஒரே வசனத்தில், எவ்விதக் குற்ற உணர்வுமின்றி, விடையளிக்கிறது. மேடைகளின் ஆசாரியர் எருசலேமிலுள்ள பீடத்தில் ஏறவில்லை. தங்கள் சகோதரரின் நடுவே புளிப்பில்லாத அப்பங்களை உண்டார்கள். சோறு கிடைத்தது, ஊழியம் கிடைக்கவில்லை. சமாரியாவின் மேடை ஆசாரியருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் தங்கள் பீடங்களின்மேலேயே கொல்லப்பட்டனர். சிறையிருப்பில் எழுதப்பட்ட எசேக்கியேல் 44, சாதோக்கின் புத்திரருக்கு மட்டுமே பீடத்தை அளித்து, லேவியரின் தாழ்நிலையை அவர்களுடைய முந்தைய அக்கிரமத்திற்குத் தண்டனையாக விளக்குகிறது. சட்டம் உரிமை என்று கூறியதை மறுத்தவர்கள், பின்பு அம்மறுப்பிற்கு இறையியல் காரணமும் கண்டார்கள். எருசலேம் ஆசாரியரின் நலன் இதில் கலந்திருந்தது என்பதை மறைக்க முயல்வது வீண். சீர்திருத்தத்தின் நோக்கம் தூயது என்பதால் அதன் விளைவுகள் அனைத்தும் தூயவை ஆகிவிடா.

அகழாய்வு இக்கதையைச் சிக்கலாக்கியுள்ளது. ஆராத் கோட்டையில் 1962 முதல் 1967 வரை நடந்த ஆய்வில் யோகனான் அகரோனி ஒரு வழிபாட்டிடத்தைக் கண்டார். செதுக்கப்படாத கற்களாலும் மண்ணாலும் ஆன பலிபீடமும், உள்ளறையின் படியில் பக்கவாட்டில் கிடத்தப்பட்ட இரு சிறு தூபபீடங்களும் அங்கிருந்தன. அவற்றின்மேல் படிந்திருந்த கரியை ஆராய்ந்தோர், ஒன்றில் விலங்குக் கொழுப்போடு கலந்த சாம்பிராணியும், மற்றொன்றில் சாணத்தோடு கலந்த கஞ்சாவும் எரிக்கப்பட்டன என 2020-இல் அறிவித்தனர். தூபபீடங்கள் உடைக்கப்படாமல் கவனத்தோடு மண்ணால் மூடப்பட்டிருப்பது கருதற்குரியது. மூடிய கைகள் பகைவருடைய கைகள் அல்ல. அகரோனி அம்முடிவை எசேக்கியாவின் காலத்திலும் யோசியாவின் காலத்திலுமாக இரு கட்டங்களில் வைத்தார். செயெவ் ஹெர்ட்ஸோக், யாவும் கி.மு. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒருங்கே மூடப்பட்டன என்கிறார். பெயெர்செபாவில் 1973-இல் கிடைத்த கொம்புள்ள பெரும் பீடத்தின் கற்களோ ஒரு பண்டகசாலைச் சுவரில் வைத்துக் கட்டப்பட்டிருந்தன. இதற்கு மாறாக, எருசலேமுக்கு மேற்கே 7 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலுள்ள மோட்சாவில் 2012-இல் வெளிப்பட்ட ஆலயம், யூதா அரசின் இறுதிக்காலம்வரை இயங்கியதாக அதனை ஆய்ந்தோர் கருதுகின்றனர். தலைநகரின் அருகிலேயே ஓர் ஆலயம் தப்பியிருந்தால், அரசனின் ஆணை எவ்வளவு தூரம் சென்றது என்ற வினா எழாமற் போகாது.

எசேக்கியாவின் நாளில் மதிலருகே நின்று ரப்சாக்கே கேட்ட கேள்வியை இங்கே நினைவுகூரலாம். எசேக்கியா அகற்றியது நீங்கள் நம்புகிற அதே தேவனுடைய மேடைகளையல்லவா என்று அவன் ஏளனம் செய்தான். பகைவன் வாயில் வந்ததாயினும், அது மதிலின்மேல் அமர்ந்திருந்த பலருடைய உள்ளத்திலும் இருந்த கேள்வியாகவே இருந்திருக்கும்.

கி.மு. 586-இல் அந்த ஒரே பீடமும் எரிந்தது. பலியே சமயமாயிருந்திருந்தால் இஸ்ரவேல் அன்றே மறைந்திருக்கும். பாபிலோனுக்குச் சென்றவர்கள் புத்தகத்தைக் கொண்டு சென்றார்கள். ஒரே பீடத்தின் சட்டம் பீடமின்றி வாழ அவர்களை முன்னரே பழக்கியிருந்தது. ஆண்டில் சில நாட்களே ஆலயம் கண்ட நாட்டுப்புறத்தான், மற்ற நாட்களில் சட்டத்தால் வாழக் கற்றிருந்தான். எஞ்சியோரும் அவ்விடத்தை மறக்கவில்லை. சீகேம், சீலோ, சமாரியா ஊர்களிலிருந்து எண்பதுபேர் தாடியைச் சிரைத்து, ஆடைகளைக் கிழித்து, காணிக்கையோடும் தூபவர்க்கத்தோடும் இடிந்த ஆலயத்தை நோக்கி நடந்தனர் (எரே. 41:5). யோசியா பீடங்களை இடித்த வடநாட்டின் மக்கள் அவர்கள். ஆடுமாடுகளை அவர்கள் ஓட்டி வந்ததாகச் சொல்லப்படவில்லை. மிஸ்பாவில் இஸ்மவேலின் கையில் சிக்கிய அவர்களுள் பத்துப்பேரே உயிர்தப்பினர்.

எகிப்தின் தென்னெல்லையிலுள்ள எலெஃபந்தினே தீவில் குடியிருந்த யூதப் போர்வீரரின் செய்தி இதனோடு சேர்த்து வாசிக்கத்தக்கது. காம்பீசஸ் கி.மு. 525-இல் எகிப்தை வெல்லுமுன்னரே அவர்களுக்கு அங்கே ஓர் ஆலயம் இருந்தது. கி.மு. 410-இல் க்னூம் தெய்வத்தின் பூசாரிகள் அதனை இடிக்கச் செய்தனர். எருசலேமின் பிரதான ஆசாரியனுக்கு அவர்கள் எழுதிய கடிதத்திற்குப் பதிலே வரவில்லை. கி.மு. 407-இல் யூதாவின் ஆளுநர் பகோகிக்கு மீண்டும் எழுதி, போஜனபலியும் தூபமும் சர்வாங்க தகனபலியும் முன்போலச் செலுத்த ஆலயத்தைக் கட்ட அனுமதி வேண்டினர். சமாரியாவில் சன்பல்லாத்தின் குமாரருக்கும் செய்தியனுப்பினர். பகோகியும் சன்பல்லாத்தின் மகன் தெலாயாவும் தந்த விடையின் குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. ஆலயத்தை அதன் பழைய இடத்திலேயே கட்டலாம். போஜனபலியும் தூபமும் செலுத்தலாம். தகனபலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.